துரை அறைக்கு ஒரு விருந்தாளி

திம்புள்ளத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் எத்தனையோ பேர் கட்டிலுக்கு விரிப்புப் போடுகிறார்கள். ஆனால் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் சோறு இறங்காத ஒரே மனிதர் எங்கள் காம்பரா அண்ணன்தான்.

பல வருடம் சொகுசுக் கப்பலில் அறைப் பணியாளராக இருந்தவர். தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு வீட்டை நாங்கள் காம்பரா என்போம். அவர் கப்பலின் ராஜ அறைகளையும் அப்படியே சொல்வார். முதன்முதலில் போன் எடுத்து, "எனக்குப் பதினஞ்சு காம்பரா குடுத்திருக்காங்க" என்றதும், கப்பலில் ஒரு முழு லயத்தையே இவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று தோட்டமே நம்பியது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

திரும்பி வந்த பிறகும் ஆள் கரையேறவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வரும் அவர் மனைவி சரசக்கா முகம் துடைக்கத் துவாயைத் தேடினால், அது கப்பல் அறைகளில் மடித்து வைப்பதுபோல் கட்டில்மேல் யானையாக மடிந்து உட்கார்ந்திருக்கும்.

"மொகத்தத் தொடைக்கவா, இல்ல இதுக்கு வாழப்பழம் குடுக்கவா?" என்பார் அக்கா.

பழைய துரை பங்களா ஹோட்டலானபோது எனக்கு வரவேற்பு மேசையில் வேலை. அண்ணன் அறைகளுக்குப் பொறுப்பு. அவருக்கு ஒரே ஒரு குறை. கப்பலுக்குப் போகும்போது, 'கப்பல் அறை மாதிரி ஒரு அறையில் உன்னை ஒரு ராத்திரியாவது தூங்கவைப்பேன்' என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பங்களாவின் பெரிய அறையான துரை அறை காலியாகும்போதெல்லாம் மேனேஜர் முன்னால் போய் நிற்பார். அதற்குள் யாராவது பெட்டியோடு வந்து இறங்கிவிடுவார்கள்.

கடைசியில் ஒரு அடைமழை வாரத்தில் மேனேஜர் இரங்கினார். "இன்னிக்கு மட்டுந்தான். நாளைக்கு ஆள் வாராங்க."

அக்கா தீபாவளிச் சேலையில் வந்தார். அண்ணன் சீருடையில் விறைப்பாக நின்று, "வெல்கம் மேடம்" என்றார்.

"மேடமா? ஒங்களுக்குக் கிறுக்குத்தான் புடிச்சிருக்கு" என்றபடி அக்கா உள்ளே போனார்.

காலையில் அக்கா மட்டும் என் மேசைக்கு வந்தார்.

"நல்லாத் தூங்குனீங்களாக்கா?"

"எங்க தம்பி தூங்குறது? விருந்தாளி கட்டில்ல வேலக்காரன் படுக்கக் கூடாதுன்னு கதவுக்கு வெளிய ஸ்டூல் போட்டு ஒக்காந்துட்டாரு. விடியிற நேரம் நாந்தான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து படுக்க வச்சேன். படுத்தவரு இன்னும் எந்திரிக்கல."

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் படுக்க விரித்த மனுஷன், அப்படியொரு கட்டிலில் முதுகு சாய்த்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்துத் துரை அறைக்குப் பதிவு செய்திருந்த வெள்ளைக்காரத் தம்பதி வந்து இறங்கினார்கள். அறை இன்னும் தயாராகவில்லை என்று சொல்லி உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு மறுபடியும் கேட்டார்கள். இன்னொரு கோப்பை ஊற்றினேன். பிறகு, அண்ணனின் குறட்டை அவர்கள் காதில் விழாதபடி நடுக்கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தேன்.