பிள்ளைக்கு அடியில் ஒரு சுறா

பயந்தவர்கள் யோசிக்க மாட்டார்கள் என்பது பிழை. நன்றாக யோசிப்பார்கள். யோசித்து, இருப்பதற்குள் மிக மோசமான இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் தேர்ந்தெடுத்தது என் நான்கு மாதப் பிள்ளையின் முதுகுக்குக் கீழே.

எண்பதுகளின் நடுப்பகுதி. லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் ஓர் அறையில் இருந்தோம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த என் கணவர், ஆங்கிலம் படிப்பதற்காக லூயிஷாம் சந்தையில் பழைய சாகசப் படக்கதை இதழ்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வருவார். வாரம் ஒன்று வந்த பத்திரிகை. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு தொடர்கதைகள். எல்லாம் உயிர் போகிற இடத்தில் நிற்கும். (ஒரு வருடத்தில் நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கட்டளையிடும் ஆங்கிலம் அவருக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் ஹீட்டரைத் திருத்தித் தரச் சொல்லும் ஆங்கிலம் வரவில்லை.)

அந்தப் பத்திரிகையைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்களாம்.

"ஏன் நிப்பாட்டினவை?" என்று கேட்டேன்.

"ரத்தம் கூடிப்போச்செண்டு தாய் தகப்பன்மார் சத்தம் போட்டவை. பிறகு பல்லைக் கழட்டிப்போட்டுத்தான் விட்டவை. என்னட்டை இருக்கிறது பல்லோட இருக்கிறது," என்றார் பெருமையாக.

கைப்பிள்ளைகளை வீடு வீடாக வந்து பார்க்கும் தாதியான ஹெல்த் விசிட்டர் வருகிற காலையில் அந்தப் பல்தான் என் கண்ணில் பட்டது. பிள்ளைக்கு எண்ணெய் பூசி, முழுக வார்க்கத் தண்ணீர் சுட வைத்திருந்தேன். மேசையில் கட்டின் மேல் இதழ்: ஒரு சுறா, அதன் வாயில் அரை மனிதன். வந்து பார்ப்பவர்களுக்கு வீடு பிடிக்காவிட்டால் இந்த நாட்டில் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று கீழ்வீட்டு அக்கா சொல்லியிருந்தார். இந்த ஊர்ப் பெற்றோரே வேண்டாமென்றதை நாங்கள் அடுக்கி வைத்திருக்கிறோம்!

மணி அடித்தது. ஊரில் ஆமி சோதனைக்கு வந்தால், மறைக்க வேண்டியது பிள்ளைக்கு அடியில் போகும். நித்திரை கொள்கிற பிள்ளையை எந்த ஆமிக்காரனும் தூக்கிப் பார்த்ததில்லை. இதழ்களைத் தொட்டிலில் பரப்பி, மேலே வொயில் சேலைத் துண்டொன்றைப் போட்டு, எண்ணெயும் உடம்புமாகப் பிள்ளையைக் கிடத்தினேன்.

கதவைத் திறந்தபோதுதான் அந்தப் பெண்ணின் கையில் தராசைக் கண்டேன். பிள்ளையைத் தூக்குவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்.

பிள்ளை சேலைத் துண்டை எப்போதோ உதைத்துத் தள்ளியிருந்தாள். தூக்கித் திருப்பியவர் அப்படியே நின்றார். தோளிலிருந்து இடுப்புவரை கறுப்பும் நீலமும். எண்ணெயில் அச்சு மை இறங்கியிருந்தது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததோ அடிபட்ட பிள்ளை.

இது எப்படி வந்தது என்று மெதுவாகக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் படித்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"ஷார்க்," என்றேன்.

அவர் பிள்ளையைத் தன் பக்கமாக அணைத்துக்கொண்டார். பிள்ளை என் கையை விட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, திரைக்குப் பின்னால் படுத்திருந்த கணவர் எழுந்து சாரத்தோடு வந்தார்.

"இஞ்சரும், என்ர புத்தகங்கள் எங்க?"

நான் தொட்டிலைக் காட்டினேன். அந்தப் பெண்ணும் பார்த்தார். பிறகு பஞ்சை எண்ணெயில் தோய்த்து முதுகைத் துடைத்தார். பஞ்சு கறுத்தது, பிள்ளையின் நிறம் வந்தது. இனி இதழ்களுக்கு என்ன பதில் சொல்வது?

அவர் ஓர் இதழை எடுத்துப் புரட்டினார். கதிரையில் உட்கார்ந்தார். தானும் தம்பியும் இதைப் படித்ததாகவும், நிறுத்தியபோது கதை பாதியில் நின்றதாகவும், கடலுக்கடியில் சுறாவிடம் மாட்டிய சுழியோடி தப்பினானா என்பது இன்றுவரை தெரியாதென்றும் சொன்னார்.

என் கணவர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கால் மணி நேரம், ஒரு தடங்கலுமில்லாத ஆங்கிலத்தில் அவனைத் தப்ப வைத்தார். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். நிறை பார்க்கக் கேட்டபோதும் கொடுக்க மனம் வரவில்லை.

போன மாதம் அந்தப் பிள்ளைக்கே ஒரு பிள்ளை. போன் பண்ணினாள். "அம்மா, நாளைக்கு ஹெல்த் விசிட்டர் வாறா. கீழ ஒண்டும் ஒளிச்சு வைக்கேல்லை, பயப்படாதைங்கோ." பின்னால் மருமகன் சிரிக்கிறது கேட்டது.

அடுத்த நாள் விடிய முதல் பஸ்ஸில் போய், பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தேன்.