ஏர்பேக் மேல் ஏறிய பூசணிக்காய்

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காண்கிறவன் நான். ரயிலில் காண்பேன், பல் மருத்துவரின் நாற்காலியில் காண்பேன். (மனைவி பேசிக்கொண்டிருக்கும்போதும்தான். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.) இதனால் பெரிய கேடு எதுவும் வந்ததில்லை, ஒரே ஒரு ஆயுத பூஜையைத் தவிர.

அப்போது சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வேலை. கவிதாவைக் காதலித்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவின் காரில் ஏர்பேக் மாற்ற வேண்டியிருந்தது.

"பூஜை அன்னைக்கு அப்பாவே வண்டி எடுக்க வர்றார். உன்னைப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்வாராம். அன்னைக்கு மட்டும் கனவு காணாத லா," என்றாள் கவிதா.

புதிய ஏர்பேக்கை ஒழுங்காகவே மாட்டினேன். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும், காத்திருந்தேன். (அந்தப் பத்து நிமிடத்தில் எங்களுக்குக் கல்யாணமாகி, ஃபேரர் பார்க்கில் வீடு வாங்கி, இரண்டு குழந்தைகளும் பிறந்துவிட்டன.)

கழற்றிய பழைய ஏர்பேக்கில் வெடிமருந்து இருக்கும். அப்படியே குப்பையில் போடக் கூடாது. ஒரு பழைய சக்கர ரிம்மில் இறுக்கிக் கட்டி, வெட்டவெளியில் மல்லாத்தி வைத்து, நீள ஒயர் இழுத்து, தூரத்தில் நின்று வெடிக்க வைக்க வேண்டும். "முதல்ல அதை முடிச்சிரு மணி, அப்புறம் சூடம் காட்டலாம்," என்று சொல்லிவிட்டு முதலாளி ராஜன் அண்ணன் உள்ளே விளக்கேற்றப் போனார்.

ஏர்பேக்கைக் கட்டி வைத்து, ஒயரும் இழுத்தாயிற்று. இப்போது என் கையில் திருஷ்டிப் பூசணிக்காய் இருந்தது. குங்குமம் தடவி, சூடம் வைக்கத் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்து கவிதாவின் அப்பா வந்தார். கை குலுக்க வேண்டும். பூசணிக்காயை எங்கே வைப்பது? பூஜைப் பொருளைத் தரையில் வைக்கலாமா? சுற்றிப் பார்த்தேன். சுத்தமாக, உயரமாக, வட்டமாக ஓர் இடம் இருந்தது. பக்தியோடு வைத்தேன்.

பிறகு அவரை அழைத்துப்போய்த் தூணுக்குப் பின்னால் நிறுத்தி, என் அறிவை அவிழ்த்துவிட்டேன். "பத்து மீட்டருக்குள்ள ஆள் நிக்கக் கூடாது அங்கிள். மேல எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. இருந்தா ராக்கெட் மாதிரி போயிரும்."

அவர் ஏர்பேக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்தவர், கேட்கவில்லை. எனக்கோ காதில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் கொட்டிய இடத்தில் ஒயரை பேட்டரியில் வைத்தேன்.

சத்தம் எனக்குச் சரியாக நினைவில்லை. பூசணிக்காய்தான் நினைவிருக்கிறது. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து அது அவசரமே இல்லாமல் எழுந்தது. குங்குமம் காற்றில் இளஞ்சிவப்பாகப் பரவியது. எதிர் அடுக்குமாடி புளோக்கில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் அப்படியே நின்றார். பூசணிக்காய் ஐந்தாவது மாடி வரை போய், ஒரு கணம் யோசித்து, அழகாகத் திரும்பி இறங்கியது. எவ்வளவு அமைதியான காட்சி என்று நான் ரசித்துக்கொண்டிருந்தபோதே, அது கவிதா அப்பாவின் கார் பானெட்டில் விழுந்து சிதறியது.

ராஜன் அண்ணன் விளக்கோடு ஓடி வந்தார். என் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வந்தது, அழவும் செய்தேன்.

கவிதாவின் அப்பா பானெட்டில் இருந்த விதைகளை நிதானமாகத் துடைத்தார். "பூசணிக்காயும் இந்த வேலையில சேர்த்தின்னு நெனச்சேன் தம்பி. அதான் கேக்கல," என்றார். பிறகு அண்ணனிடம் திரும்பினார். "ஆள் கொஞ்சம் மெதக்குறாப்ல. ஆனா என்னை மட்டும் நிக்க வேண்டிய எடத்துல நிக்க வச்சிட்டாப்ல. என் பொண்ணையும் அப்படித்தானே வச்சுக்குவாரு."

மறு தையில் எங்கள் கல்யாணம். பானெட்டை மாற்றித் தருகிறேன் என்று மாமனாரிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன்; விடவில்லை. இன்றும் அந்தக் குழியோடுதான் கோயிலுக்கும் கடைக்கும் போகிறார். "என்னாச்சு வண்டிக்கு?" என்று யாராவது கேட்டால், அவர் ஒரே பதில்தான் சொல்வார்.

"மாப்பிள்ளை வீட்டுச் சீர்."