சுவரைத் தட்டிப் பார்க்கிறவர்கள்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் உட்காரச் சொல்வதற்கு முன்பே, விரலை மடக்கிச் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "ம்ம்" என்பார். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், சுவர் என்ன சொன்னது என்று ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. கேட்க எனக்கும் தைரியம் வந்ததில்லை. தவிர, அந்த நேரத்தில் நான் அவர்கள் வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும். நாங்கள் வீடு பார்க்கிற இனம்.

வீடு வாங்குகிற இனம் வேறு. அவர்கள் ஒரு நாள் பார்ப்பார்கள், இரண்டு நாள் தூங்காமல் புரளுவார்கள், மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆயுள் முழுக்கப் புலம்புவார்கள். எங்களுக்குப் புலம்பலே கிடையாது. பார்ப்பதோடு சரி.

எங்களை அடையாளம் காண்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை காலையில், குளித்து, நல்ல உடை உடுத்தி, கைப்பையில் அளவுநாடாவும் சட்டைப்பையில் வங்கியின் கடன் ஒப்புதல் கடிதமும் வைத்துக்கொண்டு, தூங்கி வழிகிற இரண்டு பிள்ளைகளை இழுத்தபடி, தெரியாதவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்போம். அந்தக் கடிதம் மூன்று முறை காலாவதியாகி மூன்று முறை புதுப்பிக்கப்பட்டது. வங்கி அதிகாரி இப்போதெல்லாம் என்ன விஷயம் என்று கேட்பதில்லை. எங்களைக் கண்டதும் முத்திரையை எடுத்துவிடுவார்.

முதல் வீட்டில் வெளிச்சம் போதவில்லை. இரண்டாவதில் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. மூன்றாவது வீடு பள்ளிக்கூடத்துக்குத் தூரம். நான்காவது பக்கம்தான், ஆனால் மணிச் சத்தம் கேட்கிறது. இவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை அதைச் சம்பளமில்லாமல் செய்வார்.

அவரை மட்டும் சொல்லி என்ன? என் யோக்கியதையையும் கேளுங்கள். தரகர் கேட்டால் இவர், "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பார். அந்த வீட்டில் இருப்பது நான். என்னைக் கேட்டால் நான் சொல்வது, "அவர்தான் முடிவு பண்ணணும்." திரும்பி வரும் வழியெல்லாம் எங்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"உங்களுக்கு?"

"நான்தானே உன்னைக் கேட்டேன்?"

"நீங்க சொல்லுங்க."

"சரி, பாப்போம்."

ஆரம்பத்தில் மகள் ஒவ்வொரு ஞாயிறும் தன் பொம்மைகளைப் பையில் கட்டிக்கொண்டு வருவாள், அங்கேயே தங்கப்போகிறோம் என்று. இப்போது அவளுக்கு ஒன்பது வயது. "அம்மா, இன்னிக்குப் பாக்கப்போற வீட்டுலயாவது நாய் இருக்குமா? விளையாடிட்டு வரலாம்" என்கிறாள்.

போன வருடம் எனக்கு மூன்றாவது பிள்ளை உண்டானது. நாங்கள் இருந்ததோ ஒரு அறையும் ஒரு கூடமும். மகன் இரவில் கால்களைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் நீட்டித்தான் படுப்பான். தொட்டிலை எங்கே போடுவது என்று அளவுநாடாவை எடுத்து அளந்தேன். சமையலறைக் கதவை மூடாவிட்டால் போடலாம், அல்லது சமைக்காவிட்டால். இன்னும் நான்கு மாதம்தான் இருந்தது.

அப்போதுதான் அந்தப் பச்சைக் கதவு வீடு வந்தது. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், மகளோடு போய் இருக்கப்போவதால் விற்கிறார். கீழே இரண்டு அறைகள், மாடியில் தனியாக ஒரு பகுதி. மகன் உள்ளே நுழைந்ததும் சின்ன அறையின் நடுவில் போய் மல்லாந்து படுத்து, கையையும் காலையும் விரித்துக்கொண்டான். எதுவும் இடிக்கவில்லை. "இது எனக்கு" என்றான்.

நான் அளவுநாடாவைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஓட்டுநரிடம் கேட்க ஏழு கேள்விகள் இருந்தன, வாய் வரவில்லை. அந்நியர் முன்னால் என் குரல் எனக்கே கேட்காது. அதனால் மறுநாள், எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரக்காவைத் துணைக்கு அழைத்துப் போனேன். நான் காதில் சொல்வேன், அவர் உரக்கக் கேட்பார். மழைக்கு ஒழுகுமா? கோடையில் தண்ணீர் வருமா? பத்திரம் யார் பேரில்? ஏழு கேள்விக்கும் நல்ல பதில். அக்காவின் முகம் மாறிக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன். கவனிப்பதில் நான் கெட்டிக்காரி.

கூடவே வந்திருந்த இவர் சுவரைத் தட்டினார். "எல்லாம் சரி. மாடியை வாடகைக்கு விடணுமே, நல்ல ஆளா கிடைக்கணுமே" என்றார்.

தையல்காரக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். "ஏம்பா, நேராவே கேக்கறேன். உங்களுக்கு இந்த வீடு வேணுமா, வேணாமா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன். வேணும் என்ற ஒரே ஒரு சொல் நாக்கு நுனியில் நின்றது. வயிற்றுக்குள்ளிருந்து உதைகூட வந்தது.

"அவர் சொல்றதுதான்" என்றேன்.

"அவ சொல்றதுதான்" என்றார்.

அக்கா மோசமானவர் இல்லை. சனிக்கிழமைவரை பொறுத்தார். வெள்ளிக்கிழமைகூட மாடிப்படி ஏறி வந்து, "என்னம்மா, முடிவு பண்ணீங்களா?" என்று கேட்டார். "பாத்துக்கிட்டிருக்கோம்க்கா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு அவரே முன்பணம் கொடுத்துவிட்டார். இவருக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் காட்டுவது என்று முடிவுசெய்ய முடியாமல் அதுவும் அப்படியே அடங்கிவிட்டது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன மாதம் கடையில் குளிர்பெட்டியின் கதவைப் பத்துத் தடவை திறந்து மூடிவிட்டு, "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று நழுவியது யார்? உங்கள் சட்டைப்பையில் ஏதாவது கடிதம் காலாவதியாகிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப்பாருங்கள். சுவரைத் தட்டாதவர்கள்கூட எங்கள் இனத்தில் நிறையப்பேர் உண்டு.

அக்கா குடிபோன மறுவாரமே எங்களைக் கூப்பிட்டனுப்பினார். "மாடிக்கு நல்ல ஆளா கிடைக்கணும்னு உன் வீட்டுக்காரர் கவலைப்பட்டாரே. எனக்குத் தெரிஞ்ச நல்ல ஆளுங்க நீங்கதான். வரீங்களா?"

வாழ்க்கையில் முதல்முறையாக நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "சரி" என்றோம்.

இன்று மாடியில் இருக்கிறோம். மகன் படுத்துப் பார்த்த அறையில் தையல் இயந்திரம் ஓடுகிறது. தொட்டில் கூடத்தில், சன்னலோரமாக இருக்கிறது. குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது. இவர் பழக்கதோஷத்தில் சுவரைத் தட்டினால், கீழேயிருந்து தையல்காரக்கா, "என்ன வேணும்?" என்று கேட்கிறார். இவர் என்னைப் பார்க்கிறார்.