ரோமில் கழற்றிய சட்டை

தெரியாத ஊரில் ஒன்றும் தெரியாதவன் எப்படியாவது பிழைத்துக்கொள்வான். எல்லாம் தெரிந்தவன்தான் மாட்டிக்கொள்வான். எழுபதுகளில் ரோமுக்குப் போனபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வண்டன்மேட்டுக்குப் போய் ஏலத்தோட்டம் வைத்த குடும்பம் எங்களுடையது. மைத்துனனுக்கு ரோமில் வேலை. தன் அக்காவுக்கும் எனக்கும் டிக்கெட் அனுப்பிவிட்டான். (மாப்பிள்ளை முறுக்கு குறையக் கூடாதென்று ஒரு வாரம் யோசிப்பதுபோல் நடித்தேன்.) என் மனைவி ருக்மணிக்கு ஒரே ஆசை. எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒரு பழைய தேவாலயத்தின் சித்திரக் கூரை இருந்தது. அதை நேரில் பார்க்க வேண்டும்.

என்ன ஊர் அது! தெருவுக்குத் தெரு நீரூற்று. கல்குதிரை மூச்சு விடுவதுபோல் நிற்கிறது. ராஜாக்கள் கட்டிய சுவரில் சாய்ந்துகொண்டு ஆட்கள் சாவகாசமாகப் பேப்பர் படிக்கிறார்கள். நாங்கள் வாயை மூடாமல் நடந்தோம்.

கடைசி நாள் தேவாலயம். "மத்தியானம் சாத்திருவாங்க மச்சான், சீக்கிரம் பாத்துருங்க" என்று வாசலில் இறக்கிவிட்டு மைத்துனன் ஆபீசுக்குப் போய்விட்டான். மறுநாள் விமானம். இப்போது விட்டால் இந்த ஜன்மத்தில் கிடையாது.

வாசல் காவலாள் எங்களைத் தடுத்து, தன் இரண்டு தோள்களையும் தட்டிக் காட்டினான்.

"ஏனுங்க, என்ன சொல்றாரு?"

"இதுகூடத் தெரியாதா? குருவாயூர்ல சட்டையோட உடுவாங்களா? கோயில்னா எங்கயும் ஒரே மொறைதான்."

கோட்டைக் கழற்றினேன். அவன் இன்னும் பலமாகத் தட்டினான். பக்தியில் குறை வைப்பானேன் என்று சட்டையையும் பனியனையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். குளிர் எலும்பைத் தொட்டது. பின்னால் நின்ற வெள்ளைக்கார அம்மாள் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். காவலாள் விசில் ஊதினான். இன்னொருவன் ஓடிவந்தான். ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை ஓரங்கட்டினார்கள்.

ருக்மணி காவலாளின் கண் போன இடத்தைக் கவனித்தாள். அவளுடைய மூடாத தோளும் கையும். முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் போர்த்திக்கொண்டாள். அவன் தலை தாழ்த்தி வழிவிட்டான்.

"அவரு சொன்னது எனக்குங்க. போத்திக்கச் சொல்லியிருக்காரு."

நான் அவசரமாகப் பொத்தான் போட்டும் பயனில்லை. காவலாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டான்.

"நீங்க இல்லாம எப்படிங்க?"

"போயிட்டு வா. எனக்கும் சேத்துப் பாரு" என்றேன். அழுகை வந்துவிட்டது. (குளிரால் என்று சமாளித்தேன்.)

கதவு சாத்தும்போதுதான் வந்தாள். கண் சிவந்திருந்தது. படியில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். "காலண்டர்ல இருக்கறதெல்லாம் ஒரு நீலமே இல்லீங்க. நம்ம மேட்டுல மழ உட்ட மறுநா மானம் தெரியுமே, அந்த நீலமுங்க." நானே போயிருந்தாலும் அவ்வளவு நன்றாகப் பார்த்திருக்க மாட்டேன்.

இன்றும் வீட்டுக்கு யாராவது வந்தால், வெற்றுடம்போடு நாற்காலியில் சாய்ந்து, "ரோமுல ஒரு கூரை இருக்குதுங்க, அந்த நீலம்..." என்று ஆரம்பிப்பேன். ருக்மணி உள்ளேயிருந்து சட்டையைக் கொண்டுவந்து என் தோளில் போடுவாள்.

"மொதல்ல இதப் போடுங்க. இல்லீனா இந்தத் தடவையும் உள்ள உட மாட்டாங்க."