சின்ன டிராக்டருக்குச் சேறு

சேறு எப்படிச் செய்வது என்று உங்களுக்குத் தெரியுமா? மண்ணில் தண்ணீர் ஊற்றினால் சேறு என்பீர்கள். என் வீட்டுக்காரர் செழியனிடம் அப்படிச் சொன்னால் உங்களை 'ஐயோ பாவம்' என்று பார்ப்பார். அவர் கணக்கில் சேறு என்றால் வெள்ளைப் பசை, சலித்த மரத்தூள், காவிச் சாயம், கொஞ்சம் பொறுமை. மற்றதெல்லாம் அவருடையது. பொறுமை மட்டும் என்னுடையது.

சோப்பு டப்பா அளவில் ஒரு டிராக்டர் செய்து வைத்திருந்தார். ஸ்டீயரிங்கூடத் திரும்பும். மறுநாள் சேலத்தில் இந்த மாதிரி குட்டி வண்டி செய்கிறவர்களின் கண்காட்சி.

"வயல்ல இருந்து இப்பதான் ஏறி வந்தாப்புல இருக்கணும், நிர்மலா!" என்று காலையிலேயே சபதம் போட்டு, போனில் செய்முறை வீடியோவை ஓடவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு ஆயுத பூஜை. நிஜமாகவே வயலில் இருந்து ஏறி வந்த எங்கள் பெரிய டிராக்டர் வாசலில் எருமை மாதிரி நின்றது. நடவுக்குச் சேறடித்த வண்டி. எது சக்கரம், எது சேறு என்றே தெரியவில்லை. கழுவாமல் சந்தனம் குங்குமத்தை எங்கே வைப்பது? எனக்கோ அடுப்பில் சுண்டல், இடுப்பில் பாப்பா.

"ன்னாங்க, வண்டிய எப்ப கழுவப் போறீங்க?"

"இன்னிக்கு நான் ஊர்லயே இல்லன்னு நெனச்சிக்கோ. நீயே ரெண்டு பக்கெட் ஊத்திடு."

"ரெண்டு பக்கெட் பாப்பாவுக்கே பத்தாதுங்க."

"காயறதுக்குள்ள தடவணும். பேச்சு குடுக்காத."

வண்டியில் இருக்கிற சேற்றைக் கழுவ நேரமில்லை. இல்லாத சேற்றைத் தடவ நேரமிருக்கிறது! எட்டிப் பார்த்தேன். கலக்கியிருந்தது பாப்பாவின் கஞ்சிக் கிண்ணத்தில். அடக்கிக்கொண்டேன். ஆயுத பூஜையன்று ஆயுதத்தைக் கையில் எடுக்கக் கூடாது. துடைப்பமும் ஆயுதம்தானே?

"இன்னாங்க இது, கேவுரு களி கிண்டி வெச்சிக்கினு கீறீங்க?"

"இது சேறு!"

"சேறு இப்படியா எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி ஒட்டிக்கினு இருக்கும்? டயர் பள்ளத்துல ஈரமா இருக்கும். மக்கார்டு அடியில காஞ்சி வெடிச்சிருக்கும். அதுக்கும் அடியில, போன வாரம் மலைக்கு மரவள்ளி ஏத்தப் போனீங்களே, அந்தச் செம்மண்ணு இருக்கும். வீடியோல சொல்லலியா?"

தூரிகை அந்தரத்தில் நின்றது. "அடியில செம்மண்ணா?"

"எனக்கு இன்னாங்க தெரியும்? மேல கீறத எடுத்துப் பார்த்தாதான் தெரியும்."

எழுந்து போனார். குச்சியால் சுரண்டினார். "நிர்மலா! நெஜமாவே செம்மண்ணுதான்!" கல்வராயன் மலையில் தங்கம் எடுத்தவர் மாதிரி கத்தினார்.

"அந்தப் பக்கமும் அப்படித்தானா?"

அந்தப் பக்கம் போனார். "காஞ்சது ஒடயுது நிர்மலா!"

"பைப்பு போட்டு நனைச்சிப் பாருங்க. ஈரத்துல அதோட கலரே வேற."

பைப் வந்தது. போட்டோ எடுத்தார், கழுவினார். மறுபடி போட்டோ, மறுபடி தண்ணீர். "இஞ்சினுக்கு அடியில ஆயிலும் சேறும் சேர்ந்தா எப்படிடி இருக்கும், பாப்பா?" என்று குழந்தையிடம் கேட்டேன். அவர் மல்லாக்கப் படுத்து உள்ளே நுழைந்தார்.

நான் சுண்டல் தாளித்து, வாசல் தெளித்து, பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு வந்தேன். வண்டி வாங்கிய அன்றுகூட அப்படிப் பளபளக்கவில்லை. சேறெல்லாம் அவர்மேல் இருந்தது. அப்படியே போய் உட்கார்ந்து, புதிதாகப் பசை கலக்கிக் குட்டி டிராக்டருக்குத் தடவினார் பாருங்கள், பொய் சொல்லக் கூடாது, அசல் எங்கள் வயல் சேறு. தொட்டால் கையில் ஒட்டும் என்று எனக்கே பயம்.

பெரிய வண்டிக்குச் சந்தனம் வைக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நிர்மலா... என்னைய வெச்சே வண்டிய கழுவிட்டியா?"

"ஐயோ, நான் தொடவே இல்லீங்களே!"

அவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு மணிமொழி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து தலையை நீட்டினாள்.

"அண்ணே, எங்க வூட்ல இன்னும் பூஜை போடல. எங்க டிராக்டர்லயும் சேறு சூப்பரா கீது. கொஞ்சம் வந்து ஆராய்ச்சி பண்ணிக் குடுங்களேன்!"