கெர்னலைச் சுத்தம் செய்து திராட்சையை வெடிக்க வைத்தது

நிரல் எழுதுகிறவர்களுக்கு எழுதுவதைவிட அழிப்பதில்தான் சந்தோஷம் அதிகம். எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். (வீட்டில் கேட்டால் வெறி என்பார்கள்.)

கம்பத்தில் மாமனார் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, சொட்டுநீர்க் கருவி செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். தோட்டத்து வால்வை நேரத்துக்குத் திறந்து மூடும் பெட்டி அது. அதன் கெர்னலுக்குள், அதாவது பெட்டியை ஓட்டும் அடிப்படை நிரலுக்குள், எந்த வேலைக்கு எவ்வளவு மெமரி கொடுப்பது, எப்போது திரும்ப வாங்குவது என்று பார்த்துக்கொள்ள இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. பழையது, மெமரி குறைவான ஆரம்பகாலப் பெட்டிகளுக்கானது. புதியது வேகமானது, ஆனால் தாராளமாகச் சாப்பிடும். பழையதைத் தூக்கிவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்.

"பழைய பெட்டி எங்கயாச்சும் ஓடுதா?" என்று மேலாளர் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல சார்," என்றேன், ஊர் ஊராகப் போய் விசாரித்தவள் மாதிரி.

ஆயிரக்கணக்கான வரிகள் போயின. புதிய பதிப்பு முதலில் சோதனைப் பெட்டிகளுக்குத் தானாகப் போய்ச் சேரும்படி அனுப்பிவிட்டு, மறுநாள் குடும்பத்தோடு வீரபாண்டித் திருவிழாவுக்குக் கிளம்பினேன்.

மாமா வரமாட்டேன் என்றார். வீட்டை ஒட்டிய அவருடைய தோட்டத்தில் திராட்சை அறுவடைக்கு நின்றது; அந்த நேரத்தில் கொடிக்குத் தண்ணீரை அளந்துதான் காட்ட வேண்டும், கூடினால் பழம் வெடித்துவிடும்.

"பெட்டி பாத்துக்கும் மாமா," என்று காரில் ஏற்றினேன்.

அந்தப் பெட்டி, கல்யாணமான புதிதில் மருமகள் பெருமைக்காக நானே கொண்டுவந்து மாட்டிய சோதனைப் பெட்டி. ஆரம்பகாலத்துப் பெட்டி. உலகத்திலேயே மிச்சமிருந்த ஒரே பழைய பெட்டி, என் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் இருந்தது.

காலையில் அது வால்வைத் திறந்தது. புதிய ஏற்பாடு கேட்ட மெமரி அதனிடம் இல்லை. மூடுவதற்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் அம்மனைக் கும்பிட்டு, ராட்டினம் சுற்றி (சுற்றியது நான் மட்டும்), பொழுது சாயத் திரும்பினால், திராட்சைப் பந்தலுக்கடியில் கணுக்கால் முங்கத் தண்ணீர்.

மறுநாள் வந்த வியாபாரி ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தார். "என்னண்ணே, பழம் பூரா வாயப் பொளந்து கெடக்கு? மதுர போறதுக்குள்ள புளிச்சிரும்." அதோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"மெமரி பத்தாமப் போச்சு மாமா," என்றேன்.

"யாருக்கு ஆத்தா?" என்றார் மாமா.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெடித்த குலைகளை இரண்டு பேரும் வெட்டிக் கூடையில் போட்டோம். ஈ மொய்த்தது. அழித்த நிரலை அன்று மத்தியானமே திரும்பச் சேர்த்தேன்; குலைகளுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. கொஞ்ச நாளில் மாமா கொடிகளை வெட்டிவிட்டு வாழை வைத்தார். வயசாகிவிட்டது என்றார். நான் நம்பவில்லை.

இப்போது நான் அலமாரியைத் திறந்தாலே அத்தை பதறுவார்: "அவ கண்ணுல படாம எடுத்து வையுங்க. யாருக்கும் வேணாம்னு சொல்லிருவா."

போன தீபாவளிக்கு வீட்டுச் சாமான்களை ஒதுங்க வைக்கும்போது அத்தை மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "நீங்களும் உள்ள போயிருங்க. பழசுன்னு தூக்கிரப் போறா."

எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.