ஐந்தாம் மாடி விசா

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வழியனுப்பு விழா நடத்தி, மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தும் முடித்துவிட்டார்கள். அவர் போவது ஒன்றுதான் பாக்கி.

கடல் நடுவே ஒரு தீவு. அங்கே ஒரு பெரிய ஓட்டல். அதன் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ள ஓட்டல் முதலாளியே ஸ்பான்சர் செய்து கூப்பிட்டிருந்தார். தற்காலிக வேலை விசா மட்டும் வர வேண்டும். வந்துவிடும் என்ற தைரியத்தில் மெக்கானிக் இருந்த வேலையை விட்டிருந்தார். அந்த வேலையில் மச்சினன் சேர்ந்துகொண்டான். பிறகு வீட்டிலும் சேர்ந்துகொண்டான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. எப்ப கிளம்புறீங்க?"

"ஏன்டா?"

"கட்டில் குடுத்துட்டீங்க. அலமாரியும் காலியானா வசதியா இருக்கும்."

மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அவனை ஏன் முறைக்கிறீங்க? தெருவுல என்னால தலைகாட்ட முடியல. எதிர் வீட்டு அக்கா, 'உங்க வீட்டுக்காரர் மாதிரியே ஒருத்தர் மொட்டை மாடியில துணி காயப்போடுறாரே, யாரு'ன்னு கேட்கிறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அவரோட அண்ணன்னு சொல்லியிருக்கேன். கொஞ்சம் வயசானவர் மாதிரி நடங்க."

அந்தத் தீவின் விசா அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது. மெக்கானிக் முதன்முதலாக விசாரிக்கப் போன அன்று லிஃப்ட் ஓடவில்லை. "மாடிப்படி அந்தப் பக்கம்" என்று வாட்ச்மேன் தலையைத் தூக்காமலே சொன்னார். மேலே போனால் விசா அதிகாரி அப்போதுதான் ஏறி வந்து, நாற்காலியில் சரிந்து, பேச மூச்சில்லாமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஆள் நல்ல கனம்.

"சார், நான் லிஃப்ட் மெக்கானிக்தான். பார்க்கட்டுமா?"

அதிகாரியின் கண்ணில் நீர் தளும்பியது.

மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறையில் போய்ப் பார்த்தார். தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே. கரண்ட்டைத் தட்டிவிடும் சமாச்சாரம். அது கருகிக் கிடந்தது. பையில் புது ரிலே ஒன்று இருந்தது. மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து அவருடைய மூளை வேலை செய்தது.

லிஃப்ட் முழுசா சரியாகிவிட்டால் நம்மை யார் நினைப்பார்கள்? அடிக்கடி நின்றால்தானே இவருக்கு நம் ஞாபகம் வரும்? விசாவும் வேகமாக வரும். பையின் அடியில் கிடந்த பழைய ரிலே ஒன்றைத் துடைத்து மாட்டினார்.

"தற்காலிகமா ஓடும் சார்."

"சந்தோஷம். அனுபவச் சான்றிதழ் ஒண்ணு வேணுமே."

நாலு நாளில் லிஃப்ட் நின்றது. போன் வந்தது. ஓடிப்போய் இன்னொரு பழசை மாட்டினார். "பிரமாதம்! அப்படியே பல் டாக்டர்கிட்ட ஒரு சான்றிதழ்" என்றார் அதிகாரி.

"லிஃப்டுக்கும் பல்லுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"தீவுல பல் டாக்டர் கிடையாது."

பிறகும் நின்றது. இந்த முறை, தீவில் லிஃப்ட் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை என்று ஸ்பான்சர் எழுதித் தர வேண்டும் என்றார். ஸ்பான்சர் எழுதித் தந்தார். கூடவே, மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்.

மறுபடி நின்றபோது அதிகாரி மோவாயைத் தடவினார். "தற்காலிக விசா. முடிஞ்சதும் நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன ஆதாரம்?"

மெக்கானிக்குக்குப் பொறுமை போய்விட்டது. "சார், எங்க வீட்ல காய்கறி வாங்கப் போனாக்கூட 'போறேன்'னு யாரும் சொல்ல மாட்டோம். 'போயிட்டு வர்றேன்'னுதான் சொல்லுவோம். இதைவிட என்ன சார் ஆதாரம் வேணும்?"

அதிகாரி யோசித்தார். "நல்ல பாயிண்ட். அதையே எழுத்துல குடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். சான்றிதழ் வாங்கிய பல் என்பதால் தாங்கியது. அதே எரிச்சலோடு மொட்டை மாடிக்குப் போய், கைக்குக் கிடைத்த ரிலேயை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அதன் பிறகு போனே வரவில்லை. நாலு நாள் போயிற்று, ஆறு நாள் போயிற்று. "போன் செத்துப்போச்சா?" என்று மச்சினனைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார். உயிரோடுதான் இருந்தது. சந்தேகப்பட்டுப் பையைக் கவிழ்த்தார். பழைய ரிலே பொத்தென்று விழுந்தது. புதுசைக் காணோம்.

"ஐயோ! நல்லதை மாட்டித் தொலைச்சுட்டேனே!"

"நல்லது பண்ணிட்டு யாராவது இப்படி அழுவாங்களா?" என்றாள் மனைவி.

"உனக்குப் புரியாது. இனிமே அந்த லிஃப்ட் பத்து வருஷம் நிக்காதுடி. அவருக்கு என் ஞாபகமே வராது. மாசம் நாளையோட முடியுது!"

மறுநாள் காலை வயசானவர் மாதிரி நடந்து தெருவைத் தாண்டி, அதன்பின் ஓடினார். அந்த லிஃப்டில் ஏற மனம் வராமல் படியிலேயே ஐந்து மாடியும் ஏறினார். அதிகாரியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் இருந்த கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா முக்கியமான வேலையா இருக்காரு. கீழ போய் உட்காருங்க, கூப்பிடுவாரு."

"நான் வந்திருக்கேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். சிரிச்சாரு."

சிரித்தாராமே! மெக்கானிக்குக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. கீழே போகவில்லை, நேராக மொட்டை மாடிக்குப் போனார். லிஃப்ட் நின்றால்தானே மனிதனுக்கு மதிப்பு? ரிலேயில் கை வைத்த நேரம் பார்த்து மோட்டார் உறுமத் தொடங்கியது. யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள்.

"நடந்து போங்கய்யா! நான் நடக்கல?" என்று ஒரே இழுப்பாகப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் 'மெக்கானிக் எங்கே, மெக்கானிக் எங்கே' என்று தேடுவார்கள். இந்த முறை விசாவைக் கையில் வாங்காமல் தொடுவதில்லை. நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே யாரோ அபாய மணியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அதையும் தாளம் போல ரசித்துக்கொண்டே படியிறங்கினார்.

கீழே வாட்ச்மேன், வாழ்நாளில் முதன்முறையாக, நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"தம்பி, இனிப்பு வாங்கிக் குடுக்கணும் நீங்க! நீங்க முதன்முதலா இங்க வந்த அன்னைக்கே உங்க விசா வந்துடுச்சாம். லிஃப்ட் ஒரு வாரம் நிக்காம ஓடினதும் குடுக்கலாம்னு ஐயா டிராயர்ல வச்சிருந்தாரு. 'இன்னியோட ஒரு வாரம், மெக்கானிக்கை நிறுத்தி வை, என் கையாலேயே குடுக்கறேன்'னு போன்ல சொல்லிட்டு, இப்பதான் அதை எடுத்துக்கிட்டு லிஃப்ட்ல ஏறினாரு."